கலவன் அணி: ஒரு விளையாட்டின் வரலாறும் நமது மைதானங்களும்

நமது நாட்டிலே பாடசாலைப் பெயர்ப்பலகைகளில் அடிக்கடி காணப்படும் சொற்களுள் 'கலவன்' என்பதும் ஒன்று. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து கற்கும் பாடசாலையைக் கலவன் பாடசாலை என்கிறோம். நகரத்துப் பெரிய கல்லூரிகள் ஆண்களுக்கு வேறாகவும் மகளிருக்கு வேறாகவும் எழுந்து நிற்க, கமக்காரனின் பிள்ளையும் மீனவனின் பிள்ளையும் பெரும்பாலும் இத்தகைய கலவன் பாடசாலைகளிலேயே அரிச்சுவடி பயில்கின்றனர். ஒரே வாங்கில் இல்லாவிடினும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே கணக்கைச் செய்கின்றனர். ஒரே ஆசிரியரிடம் பிரம்படியும் பாராட்டும் பெறுகின்றனர். ஆயின் முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஓட்டம், பாய்ச்சல், எறிதல் யாவும் இரண்டாகப் பிரிகின்றன. ஆண்கள் ஓடும்போது பெண்கள் கைதட்டுவர். பெண்கள் ஓடும்போது ஆண்கள் கூச்சலிடுவர். வகுப்பறையிலே கலந்தவர்கள் மைதானத்தின் எல்லைக் கோட்டிலே பிரிந்துவிடுகின்றனர்.

இப்பிரிவு இயற்கையானதா? உடல் வேறுபாட்டினால் தவிர்க்க முடியாதபடி தோன்றியதா? அன்றி, மனிதர் தம் தேவைக்கேற்ப வகுத்த ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்றா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஒரு சிறிய விளையாட்டின் வரலாறு நமக்குத் துணை செய்யும். பறக்கும் பிளாஸ்டிக் தட்டொன்றை வைத்து ஆணும் பெண்ணும் ஓரணியாக நின்று ஆடும் 'அல்டிமேட்' என்னும் ஆட்டமே அது. 'அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு நமக்கு எதற்கு?' என்று முகஞ்சுளிக்கும் நண்பரும் இருப்பர். அவரது ஐயம் நியாயமானதே. அதற்கும் இக்கட்டுரையின் போக்கிலே விடை தேடுவோம்.

முதலில் நமது வீட்டு முற்றத்தை நோக்குவோம். பழந்தமிழர் வாழ்விலே பெண்கள் விளையாடினர் என்பதற்கு இலக்கியச் சான்றுகள் நிரம்ப உள்ளன. கழங்கும் பந்தும் அம்மானையும் ஊசலும் மகளிர் ஆட்டங்களாகவே பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே பந்தாடும் பெண்களுக்கெனக் கந்துக வரி என்றொரு பகுதியே அமைந்துள்ளது. ஆயினும் ஆண் ஏறு தழுவுவதும் பெண் பந்தாடுவதும் தனித்தனிக் களங்களிலேயே நிகழ்ந்தன. சேர்ந்து ஆடியதாகப் பேசப்படுவது பெரும்பாலும் புனலாட்டு ஒன்றே. அதுவும் காதலரின் கேளிக்கையாகக் காட்டப்பட்டதேயன்றி இரு கட்சியாக நின்று பொருதும் ஆட்டமாகக் காட்டப்படவில்லை.

கிழக்கிலங்கையிலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வழங்கிய கொம்புமுறி விளையாட்டு இவ்வகையிலே சிந்தனைக்குரியது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று கொளுவிய இரு கொம்புகளை இழுத்து முறிப்பது அவ்வாட்டம். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு வழங்கும் 'அங்கெலிய' என்பதும் இதன் உடன்பிறப்பே. ஒரு கட்சி ஆணின் பெயராலும் மறு கட்சி பெண்ணின் பெயராலும் நிற்க, கயிற்றைப் பிடித்து இழுத்த கைகள் இரு புறத்தும் ஆண்களின் கைகளாகவே இருந்தன. பெண்ணின் பெயருக்குக் களத்திலே இடம் கிடைத்தது; பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் சிறு பிள்ளைகளின் உலகம் அவ்வாறன்று. கிளித்தட்டு மறிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகளைப் பாருங்கள். எட்டு வயதிலே ஆண் என்றும் பெண் என்றும் அங்கே பேதமில்லை. விரைவாக ஓடுபவரும் மெதுவாக ஓடுபவரும் என்ற பேதமே உண்டு. அளாப்பி விளையாடுபவரைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, அவர்களே வழக்குப் பேசி, அவர்களே தீர்ப்பும் கூறி, மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவர். பெண் பிள்ளை பெரியபிள்ளையானதும் இவ்வுலகம் அவளுக்கு மூடப்படுகிறது. பூப்பு நீராட்டு விழாவிலே ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறோம். மறுநாள் முதல் முற்றத்துக்கு இறங்கலாகாது என்று கட்டளையிடுகிறோம். தம்பிக்குப் பந்தும் அக்காளுக்கு அடுப்படியும் என்ற பங்கீடு அன்றே உறுதியாகிவிடுகிறது. பெண்ணின் உடல் வலிமை குன்றியது என்று பின்னர் வாதிடுவோர், அவ்வலிமை வளரவேண்டிய பருவத்திலேதான் அவளை வீட்டுக்குள் அடைத்தோம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

மைதானம் என்ற நிறுவனத்தை நமக்குத் தந்தவர்கள் பிரித்தானியர். திருகோணமலைத் துறைமுகத்தை அவர்கள் பெருங் கடற்படைத்தளமாக வைத்திருந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசுமளவுக்கு அத்தளம் ஏகாதிபத்தியத்தின் உயிர்நாடிகளுள் ஒன்றாயிருந்தது. கப்பலும் பீரங்கியும் வந்த வழியிலேயே உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் வந்தன. அவை ஆங்கில நாட்டுத் தனியார் பாடசாலைகளிலே, நாளை காலனிகளை ஆளவிருக்கும் ஆண்மக்களைப் பயிற்றுவதற்கென ஒழுங்குபடுத்தப்பட்ட ஆட்டங்கள். கீழ்ப்படிதல், அணிவகுத்தல், தலைவன் சொற் கேட்டல், மத்தியஸ்தரின் ஊதலுக்கு வாய்மூடி நிற்றல் ஆகியனவே அங்கே போதிக்கப்பட்டன. அம்மரபையே நமது கல்லூரிகளும் ஏற்றுக்கொண்டன. மகளிர் கல்விக்கென இந்நகரிலே தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் தொடங்கிய சண்முக வித்தியாலயம் போன்ற நிறுவனங்கள் பெண்களைக் கல்வியின் வாயிலுக்குக் கொண்டுவந்த பெருமைக்குரியவை. வீட்டைவிட்டு வெளியே வருவதே போராட்டமாயிருந்த அந்நாளிலே, பெண்களுக்கெனத் தனிக் கூடம் வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் தேவையினாற் பிறந்த அவ்வேற்பாடு காலப்போக்கிலே புனிதமான மரபாக இறுகிவிட்டது.

உலக அரங்கிலும் கதை இதுவே. 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியிலே பெண் ஒருவரும் இல்லை. ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பிரபு குபேர்த்தான், பெண்கள் போட்டியிடுவதைத் தம் வாழ்நாள் இறுதிவரை விரும்பவில்லை. 1928இல் அம்ஸ்ரர்டாமிலே பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினர். ஓடி முடித்த களைப்பிலே சிலர் தரையில் அமர்ந்ததைக் கண்டு பத்திரிகைகள் பேரொலி எழுப்பின. அதன் பின்னர் 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அவ்வோட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஆண்கள் ஓடிக் களைத்து விழுந்தால் அது வீரம். பெண்கள் விழுந்தால் அது தடைக்குக் காரணம்!

இங்கிலாந்துத் தொழிலாளப் பெண்களின் அனுபவம் இன்னும் கூர்மையானது. முதலாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்க்களம் சென்றுவிட, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளை நிரப்பினர். பிரெஸ்ரன் நகரத்து 'டிக், கேர்' தொழிற்சாலைப் பெண்கள் உணவு இடைவேளையிலே பந்துதைக்கத் தொடங்கி, நாடறிந்த அணியாக உயர்ந்தனர். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி லிவர்பூலிலே அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினர். சரியாக ஓராண்டு கழியுமுன், 1921 டிசம்பர் 5ஆந் திகதி, உதைபந்தாட்டச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களிலே பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்பது காரணமாகக் கூறப்பட்டது. போர்க்காலத்தில் வெடிகுண்டு செய்வதற்குப் பொருந்திய உடல், அமைதிக் காலத்தில் பந்துதைப்பதற்குப் பொருந்தாமற் போன விந்தையை என்னென்பது! அத்தடை நீங்கியது 1971இல். ஐம்பது ஆண்டுகள் மைதானம் யாருடையது என்ற கேள்விக்கு உடைமையாளரே விடை கூறிக்கொண்டிருந்தனர். பெண்கள் விளையாட்டின் வரலாறு உடலியலைக் காட்டிலும் நிலவுடைமையோடு நெருங்கிய தொடர்புடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இப்பிரிவை மறுத்து, ஆணும் பெண்ணும் ஓரணியாக ஆடவேண்டும் என்று முதலில் முனைந்தவர் ஓர் ஆசிரியர் என்பது நமது வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். நெதர்லாந்து நாட்டின் அம்ஸ்ரர்டாம் நகரிலே பாடசாலை ஆசிரியராயிருந்த நிக்கோ புறூக்கௌசன், சுவீடனிலே தாம் கண்ட வளையப் பந்தாட்டமொன்றைத் தழுவி, 1902இல் 'கோர்ப்பால்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். அணிக்கு ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில். ஆயின் அவரும் ஒரு வேலியை விட்டுவைத்தார். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணுமே மறிக்கவேண்டும் என்பது விதி. களம் ஒன்றாயிற்று, களத்தினுள்ளே எல்லைக்கோடு எஞ்சி நின்றது. முதல் அடி வைத்தவரை அதற்காகக் குறைகூறுதல் தகாது.

இனி, பறக்கும் தட்டின் கதைக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்திலே பிரிட்ஜ்போர்ட் நகரில் 'பிரிஸ்பி' என்னும் பண்ணியக் கடை ஒன்றிருந்தது. அதன் தகரத் தட்டுகளை உண்டு முடித்த மாணவர் வீசி விளையாடினர். போருக்குப் பின் பிளாஸ்டிக் தொழில் பெருகியபோது, போர்விமானியாயிருந்த பிரெட் மொறிசன் என்பவர் வடிவமைத்த தட்டை 'வாம்-ஓ' என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1957இல் சந்தைக்கு விட்டது. அவ்வாண்டிலேயே பழைய கடையின் பெயரைச் சற்றுத் திரித்து அதற்குச் சூட்டியது. அதே 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதிதான் திருகோணமலைக் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பேதுமில்லை. பழைய ஏகாதிபத்தியம் கொடியிறக்கிய ஆண்டிலே புதிய வல்லரசின் விளையாட்டுச் சரக்கு சந்தையேறியது என்ற அளவிலே நினைவிற்கொள்ளத்தக்கது.

வியாபாரப் பொருளாகப் பிறந்த இத்தட்டை மாணவர்கள் வேறொன்றாக மாற்றினர். 1968ஆம் ஆண்டு வியட்நாம் போருக்கெதிராக அமெரிக்க மாணவர் வீதிக்கு வந்த ஆண்டு. பாரிஸ் நகரிலே மாணவரும் தொழிலாளரும் கைகோத்த ஆண்டு. நியூ ஜேர்சி மாநிலத்து மேப்பிள்வூட் நகரின் கொலம்பியா உயர்நிலைப் பாடசாலையிலே ஜோயல் சில்வர் என்ற மாணவனும் அவன் தோழர்களும் இத்தட்டை வைத்து ஓர் அணி ஆட்டத்தை அவ்வாண்டிலே தொடங்கினர். மாணவர் மன்றத்தாரும் மாணவர் பத்திரிகையினரும் எதிரெதிர் நின்று ஆடினர். வாகனத் தரிப்பிடமே அவர்களது மைதானம். 1970இல் விதிகள் எழுத்துருப் பெற்றன. 1972 நவம்பர் 6ஆந் திகதி றட்கேர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் மோதின. 1985இல் உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனம் அமைந்தது. 2001இல் யப்பானின் அக்கிட்டா நகரில் நிகழ்ந்த உலக விளையாட்டு விழாவிலே அல்டிமேட் கலவன் அணிகளின் ஆட்டமாகவே இடம்பெற்றது. 2015இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அச்சம்மேளனத்தை முழுமையாக அங்கீகரித்தது.

ஆட்டத்தின் முறை எளிது. நூறு மீற்றர் நீளமும் முப்பத்தேழு மீற்றர் அகலமுமான களம். இரு முனைகளிலும் 18 மீற்றர் ஆழமான இலக்குப் பகுதி. அணிக்கு ஏழு பேர்; மணற்கரையிலே ஆடும்போது ஐந்து பேர். தட்டின் நிறை 175 கிராம். தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடலாகாது. நின்ற இடத்திலிருந்து, எதிரி பத்து எண்ணி முடிக்குமுன், தோழருக்கு வீசவேண்டும். தட்டு நிலத்தில் விழுந்தாலோ எதிரி மறித்தாலோ முறை மாறும். இலக்குப் பகுதியினுள் நிற்கும் தோழர் ஏந்திப் பிடித்தால் ஒரு புள்ளி.

இவ்விதிகளுள்ளே ஒரு சமுதாயக் கருத்து அடங்கியிருப்பதைக் காணலாம். தட்டோடு எவரும் ஓட முடியாது. ஆதலால் எத்துணை வல்லவராயினும் தனியொருவர் ஆட்டத்தை வெல்ல முடியாது. பிறரை நம்பி எறிந்தே தீரவேண்டும். கலவன் அணியிலே நால்வர் ஒரு பாலினரும் மூவர் மறு பாலினருமாகக் களமிறங்குவர். பெண்களைச் சேர்க்காத அணிக்குக் கலவன் ஆட்டத்தில் இடமேயில்லை. எனவே சமத்துவத்தில் நம்பிக்கையற்ற தலைவனுங்கூட வெற்றியை விரும்பினால் பெண்களைத் தேடிப் போகவேண்டும், அவர்களைப் பயிற்றவேண்டும், அவர்கள் வீட்டாரிடம் சென்று பேசவேண்டும். உபதேசத்தினால் ஆகாததை ஒரு விதி செய்துவிடுகிறது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற பின்னர், பெண்களை மதியாத வேட்பாளனும் அவர்கள் வாசலில் நின்று வாக்குக் கேட்க வேண்டியதாயிற்றல்லவா? அதனை ஒத்தது இது.

மற்றுமொரு சிறப்பு, மத்தியஸ்தர் இன்மை. உலகப் போட்டியிலுங்கூட ஊதல் ஏந்திய தீர்ப்பாளர் களத்தில் இல்லை. தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரே குரலெழுப்புவார். எதிரி அதனை ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். இருவரும் உடன்படாவிடின் பெரும்பாலும் தட்டு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். ஆட்டம் அங்கிருந்து தொடரும். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வட்டமாக நின்று பேசுவர். விதி அறிவு, உடல் மோதலைத் தவிர்த்தல், நடுநிலைமை, மனப்பாங்கு, பேச்சுமுறை என்னும் ஐந்து துறைகளிலே ஒவ்வோரணியும் மற்றதற்குப் புள்ளி வழங்கும். கிளித்தட்டு மறிக்கும் நமது பிள்ளைகள் எழுதாமலே கைக்கொண்ட முறையை இங்கே எழுதி வைத்திருக்கின்றனர், அவ்வளவே.

இதனைக் கேட்டு மயங்கிவிடவும் கூடாது. மத்தியஸ்தரின்றி ஆடுதல் என்பது ஒரு காலத்திலே ஆங்கிலக் கனவான்களின் பெருமையாயிருந்தது. 1891இல் உதைபந்தாட்டத்திலே தண்டனை உதை புகுத்தப்பட்டபோது, கனவான் ஒருவன் வேண்டுமென்று தவறிழைப்பான் என்று கருதுவதே இழிவு என அவர்கள் சினந்தனர். ஓய்வும் செல்வமும் உடையார்க்கு நேர்மை எளிது என்ற எண்ணம் அதிலே ஒளிந்திருந்தது. அல்டிமேட்டும் நெடுங்காலம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வசதி படைத்த வெள்ளை மாணவரிடையேதான் பெரிதும் புழங்கியது. பணம் நுழைந்ததும் அதன் கோலமும் மாறியது. 2012இல் அங்கே தொடங்கிய தொழில்முறைக் கழகப் போட்டி ஆண்கள் ஆட்டமாகவே அமைந்தது. ஊதலும் மத்தியஸ்தரும் வந்தனர். பெண்களுக்கு இடமில்லாத அப்போட்டியிலே தாம் ஆடுவதில்லை என்று 2017இன் இறுதியில் ஆண் வீரர் பலரும் பகிரங்கமாக அறிவித்தனர். சலுகை பெற்றோர் தம் சலுகையை மறுத்து நின்ற அச்செயல் பாராட்டுக்குரியது.

கலவன் அணியினுள்ளேயும் சமத்துவம் தானாக விளைவதில்லை. பெண் தோழி தனியே, மறிப்பாரின்றி நிற்கும்போதும் அவளைக் காணாததுபோல், நெருக்கடியில் நிற்கும் ஆண் தோழனுக்கே தட்டை எறியும் வழக்கம் இவ்வாட்டக்காரரிடையே நெடுநாட் குறையாகப் பேசப்பட்டு வருவது. ஏழு பேருள் நால்வர் யார், மூவர் யார் என்பதை அணிகளே தெரிவு செய்யும்படி விட்டபோது, நான்கு ஆண்களும் மூன்று பெண்களும் என்பதே வழமையாயிற்று. பின்னர் உலகச் சம்மேளனம் அவ்விகிதம் ஆட்டத்தினூடே மாறி மாறி வரவேண்டும் என்ற விதியைக் கொணர்ந்தது. ஒரே களத்தில் நிறுத்துவது தொடக்கம் மாத்திரமே. தட்டு யார் கைக்குப் போகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். வேலைத்தலத்துக்கும் தொழிற்சங்க மேடைக்கும் இலக்கியச் சங்கத்துக்கும் இது பொருந்தும். நமது முற்போக்கு மேடைகளிலே பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். ஒலிவாங்கி எத்தனை முறை அவர்கள் கைக்குப் போகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

தமிழ் மண்ணிலே இவ்வாட்டம் வேரூன்றிய இடம் சென்னைக் கடற்கரை. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அங்கே அலுவலக உத்தியோகத்தரும் மாணவரும் மாலை வேளைகளில் இதனை ஆடத் தொடங்கினர். கடலோரக் குப்பங்களிலும் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் வாழும் இளைஞர் வந்து பார்த்தனர், சேர்ந்தனர், விரைவிலேயே பயிற்றுநராயும் உயர்ந்தனர். இந்தியாவிலே இவ்வாட்டம் பெரும்பாலும் கலவன் அணிகளாகவே வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2015ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்கு இந்தியா கலவன் அணியொன்றை அனுப்பியது. சென்னை ஆட்டக்காரரைப் பற்றி, தட்டின் நிறையையே பெயராகக் கொண்ட '175 கிராம்ஸ்' என்னும் குறும்படமும் அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவிலே காட்டப்பட்டது.

சாதாரணமாகச் சந்திக்கவியலாத இரு வர்க்கத்தினர் அங்கே ஒரே அணியில் நின்றனர். கணினி நிறுவன உத்தியோகத்தரும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் களத்திலே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தனர். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது ஒருவர் மாடிக்கும் மற்றவர் குடிசைக்கும் சென்றனர் என்பதும் உண்மையே. விளையாட்டு வர்க்க பேதத்தை ஒழித்துவிடும் என்று கூறுவோர் பிறரை ஏமாற்றுகின்றனர். எனினும், தன் சொல்லை மேலோர் ஒருவர் மறுக்கும்போது அஞ்சாது நின்று, 'இல்லை, நிகழ்ந்தது இதுதான்' என்று வாதிடும் பழக்கம் அக்குடிசைப் பிள்ளைக்கு அங்கே வாய்க்கிறது. மத்தியஸ்தரில்லாத ஆட்டத்தின் பெறுமதி ஏழைக்கே அதிகம். அவனும் அவளும் வாழ்நாள் முழுவதும் பிறருடைய ஊதலுக்கு அடங்கி நடக்கப் பயிற்றப்பட்டவர்கள்.

இவ்வரலாற்றைக் கையில் ஏந்திக்கொண்டு திருகோணமலைக் கரைக்குத் திரும்புவோம். கோட்டைக்கு அருகே வளைந்து கிடக்கும் ஒல்லாந்தக் குடாவின் மணற்பரப்பையும், உப்புவெளி முதல் நிலாவெளி வரை நீளும் கரையையும் விடச் சிறந்த ஆடுகளம் எங்கே உண்டு? கச்சானையும் வாடையையும் தொழிலாலேயே அறிந்த கரையோரப் பிள்ளைக்குக் காற்றிலே தட்டு எப்படிச் சாயும் என்று எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுக்கு ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்த சமூகத்துக்கு அணி ஒற்றுமை புதிதுமன்று.

ஆனால் கரை எக்காலத்தும் மக்களுடையதாய் இருந்ததில்லை. அது கடற்படையின் கரையாயிருந்தது, போரின் கரையாயிருந்தது, 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் கரையாயிற்று. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். மாலைக் காற்று வாங்கக் கடற்கரையிலே தோழர்களோடு கூடியதன்றி அவர்கள் செய்தது வேறொன்றுமில்லை. அதன் தொடர்பிலே 2013இல் கைதுசெய்யப்பட்ட பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட பதின்மூவரும், சாட்சியம் போதாமையினால் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அன்று முதல் இந்நகரத்துத் தாய்மார் மாலையிலே பிள்ளையைக் கரைக்கு அனுப்ப அஞ்சினர் என்றால் வியப்பில்லை. அவ்வச்சத்தின் சுமையை ஆண் பிள்ளைகளைக் காட்டிலும் பெண் பிள்ளைகளே அதிகம் சுமந்தனர். வெளியே ஆபத்து என்ற ஒரு சொல் போதும். பழைய கட்டுப்பாடுகள் யாவும் பாதுகாப்பு என்னும் புதுப்பெயரோடு திரும்பி வந்துவிடும்.

நடந்த கொடுமைக்கு நீதி கேட்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரு தட்டைக் கொடுத்து விளையாடச் சொல்வது தீர்வாகாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்திலே, காணிப் பிரச்சினையும் வழக்குகளும் தீராதிருக்க, நல்லிணக்க விளையாட்டு விழா என்று ஒருநாட் கூத்து நடத்திப் படம் பிடித்துச் செல்வோரை நாம் அறிவோம். நாம் கூறுவது அதுவன்று. மாலை நேரத்துக் கரையிலே ஆணும் பெண்ணும், மூவின இளைஞரும், எவருடைய அனுமதியுமின்றிக் கூடி நிற்கும் உரிமை மீட்கப்பட வேண்டியதொன்று. விளையாட்டு அவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஒரு வழி. பயன்படுத்தப்படாத உரிமை மெல்ல மறந்துபோகும்.

இவ்விடயத்திலே ஆசிரியர்களே முன்செல்ல வேண்டியவர்கள். தடைகளையும் அவர்களே நன்கறிவர். பாடசாலை விட்டதும் பெண் பிள்ளைக்கு வீட்டிலே தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் வேலை காத்திருக்கிறது. ஆதலால் ஆட்டம் பாடசாலை நேரத்துக்குள்ளேயே நிகழ்தல் வேண்டும். உடையைக் காரணங்காட்டி மறுக்கும் பெற்றோர் உளர். எந்த உடையிலும் ஆடலாம் என்று விட்டுவிட்டால் அத்தடை பாதி நீங்கும். முக்காடிட்ட பிள்ளையும் பாவாடை உடுத்த பிள்ளையும் காற்சட்டை அணிந்த பிள்ளையும் ஒரே தட்டைப் பிடிக்க இயலும். உடல் மோதலை விதியே விலக்கிய ஆட்டம் இது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம். பெரிய செலவில்லை, கோல் கம்பம் வேண்டாம், மட்டையும் காலணியும் வேண்டாம். தட்டுக் கிடைக்காத இடத்திலே பந்தை வைத்து இவ்விதிகளைக் கைக்கொண்டாலும் பயன் ஒன்றே. தட்டு நமக்குப் பொருட்டன்று; கலவன் அணியும் ஊதலற்ற நீதியுமே பொருட்டு.

வலைப்பந்தாட்டத்திலே 2018இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு ஈட்டித் தந்த அணியின் முதன்மை வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம், வடபுலத்துக் கிராமமொன்றிற் பிறந்த தமிழ்ப் பெண். பெண்களின் தனி ஆட்டங்கள் இத்தகையோரை உருவாக்கியுள்ளன. அவை தொடரவும் வேண்டும். கலவன் அணி அவற்றுக்கு மாற்றன்று. பெண்கள் தனித்து வெல்லக் கற்பது ஒரு பாடம். ஆண்கள் பெண்களோடு சேர்ந்து வெல்லவும், அவர்கள் எறிதலை நம்பி ஓடவும், அவர்கள் கூறும் வழக்கைச் செவிமடுக்கவும் கற்பது மற்றொரு பாடம். இரண்டாவது பாடம் நமது பாடசாலைகளிலே இன்னும் தொடங்கப்படவேயில்லை.

ஆகவே அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியின் நிகழ்ச்சி நிரலை வகுக்கும்போது, ஆசிரியத் தோழர்கள் ஒரேயோர் ஆட்டத்தையேனும் கலவன் அணிகளுக்கென ஒதுக்கட்டும். முதலாண்டிலே சிரிப்பும் கேலியும் எழும். இரண்டாமாண்டிலே வழக்கும் வாதமும் எழும். மூன்றாமாண்டிலே எந்த இல்லத்தில் நன்றாக எறியும் பெண் பிள்ளைகள் உளர் என்று ஆண் பிள்ளைகளே தேடித் திரிவர். பெயர்ப்பலகையிலே எழுதிய 'கலவன்' என்னும் சொல் அன்று மைதானத்துக்கும் பொருந்தும்.